இரட்டைச் சொக்கெட் வேர்க்ஸ்டேஷன்: வாங்கியதும் பிரித்ததும் ஓட்டியதும்

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இவ்வளவு பெரிய கணினி எதற்கு என்று விளங்காது. கிளிநொச்சியில் ஒரு சிறிய நில அளவைக் குழுவுக்கு நான் கணினிப் பக்கத்தைப் பார்க்கிறேன். அவர்கள் ட்ரோன் பறக்கவிட்டு குளக்கட்டு, வாய்க்கால், வயல்வெளி எல்லாவற்றையும் மேலிருந்து படமெடுத்து வருவார்கள். அந்தப் படங்களை ஒன்றோடொன்று பொருத்தி, மேடு பள்ளம் தெரியும் வரைபடமாக்கிக் கொடுப்பது என் பொறுப்பு. மென்பொருள் ஓப்பன்ட்ரோன்மேப். இலவசம், லினக்ஸில் நன்றாக ஓடும். சிறுபோகம் முடிந்து மாரி மழை தொடங்குவதற்கு முந்திய இடைவெளியில்தான் வேலை வந்து குவியும். அப்போதுதான் குளங்களில் நீர் வற்றிக் கட்டின் உட்சரிவு வெளியே தெரியும். மழை விழுந்துவிட்டால் அடுத்த வருடம்தான்.

இருந்த கணினி நாலு கோர் (புரொசெசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் மூளைகள்), 32 ஜிபி ரேம். ஓப்பன்ட்ரோன்மேப்பின் ஆவணத்தில் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள்: 250 படத்துக்கு 16 ஜிபி, 500க்கு 32, 1500க்கு 64, 2500க்கு 128. ரேமும் ஸ்வாப்பும் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் கடன் வாங்கும் இடம்) சேர்ந்த கணக்கு அது. சின்னக் குளம் ஒன்றைச் சில நூறு படங்களில் முடித்துவிடலாம். இரணைமடுக் குளத்துக்குக் கீழே உள்ள வயல் துண்டு ஒன்றை வாய்க்காலோடு சேர்த்து எடுக்கப் போனால் ஆயிரத்தைச் சாதாரணமாகத் தாண்டும். ரேம் முடிந்து ஸ்வாப்பில் ஓடத் தொடங்கியதும் டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும், புரொசெசர் பாட்டுக்குச் சும்மா கிடக்கும். அந்த நிலையில் கோர் எத்தனை என்று கேட்பதிலேயே அர்த்தமில்லை.

மாற்ற வேண்டும் என்று முடிவானதும் இரண்டு வழி இருந்தது. ஒன்று, புதிதாகப் பூட்டும் ஏஎம்டி ரைசன் 9 5900எக்ஸ். ஒரே சொக்கெட் (புரொசெசர் பொருந்தும் இடம்), 12 கோர், 24 திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை இழைகள்). மற்றது, கொழும்பில் பம்பலப்பிட்டிப் பக்கம் கிடைக்கும் பாவித்த வேர்க்ஸ்டேஷன். ஒரே மதர்போர்டில் இரண்டு இன்டெல் ஸியோன் ஈ5-2680 வி4. ஒவ்வொன்றிலும் 14 கோர், ஆக மொத்தம் 28 கோர், 56 திரெட். ரேமையும் சேர்த்துப் பார்த்தால் பழையதுதான் மலிவு.

அளவைக் குழுவை நடத்தும் அண்ணைக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை.

“தம்பி, இதில பன்ரண்டு, அதில இருவத்தெட்டு. விலையும் குறைவு. பிறகென்ன?”

“அண்ணை, இருவத்தெட்டும் ஒரே இடத்தில இல்லை. அதுதான் யோசனை.”

அந்த யோசனையை இங்கே கொஞ்சம் விரித்து எழுத வேண்டும்.

பொதுவாக, ஒரே புரொசெசருக்குள் இருக்கும் கோர்கள் எல்லாம் ஒரே நினைவகக் கட்டுப்பாட்டகத்தின் வழியாகத்தான் ரேமைத் தொடும். எந்தக் கோர் கேட்டாலும் ரேம் ஒரே தூரத்தில்தான் இருக்கும். இரண்டு சொக்கெட் உள்ள மதர்போர்டில் கதை வேறு. ஒவ்வொரு புரொசெசருக்கும் தனி எல்3 கேஷ் (சில்லுக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம்), தனிக் கட்டுப்பாட்டகம், தன் பக்கத்தில் தனி ரேம் வரிசை. இரண்டு காணி, ஒவ்வொன்றிலும் ஒரு கிணறு என்று வையுங்கள். பக்கத்துக் காணிக் கிணற்றிலும் தாராளமாக அள்ளலாம், வேலி சுற்றிப் போய்வர வேண்டும், அவ்வளவுதான். அந்த வேலிப் பாதைக்கு இந்தத் தலைமுறை ஸியோனில் பெயர் கியூபிஐ. ஒரு இணைப்பு ஒரு திசையில் நொடிக்கு 19.2 ஜிபி கடத்தும், இரண்டு இணைப்பு உண்டு. சொந்த ரேமோ நாலு தடத்தில் (புரொசெசரிலிருந்து ரேமுக்குப் போகும் பாதை) டிடிஆர்4-2400 போட்டால் நொடிக்கு 76.8 ஜிபி. இரண்டும் ஏட்டுக் கணக்குத்தான். இருந்தாலும் பக்கத்துப் புரொசெசரின் ரேமிலிருந்து எடுப்பது, அகலத்தில் பாதிதான் என்பது தெரிந்துவிடும். தாமதம் அதற்கு மேலதிகம். இந்த ஏற்பாட்டைத்தான் நூமா என்கிறார்கள்.

ஒரு காலத்தில் இந்தத் தெரிவே இருக்கவில்லை. இரண்டு மூளை வேண்டுமென்றால் இரண்டு சில்லு வாங்க வேண்டும். 1999இல் ஏபிட் பிபி6 என்ற மதர்போர்டில் மலிவான செலரோன் இரண்டைப் போட்டு ஓட்டியவர்கள் உண்டு. 2001இல் ஐபிஎம் பவர்4 ஒரே சில்லில் இரண்டு கோரைக் கொண்டுவந்தது. இன்டெல் 3.8 கிகாஹேர்ட்ஸில் சூட்டோடு முட்டிக்கொண்டு நின்ற பிறகு, 2005இல் பென்டியம் டியும் அத்லோன் 64 எக்ஸ்2வும் வீட்டு மேசைக்கே இரட்டைக் கோரைக் கொண்டுவந்துவிட்டன. அதன் பிறகு சாதாரண ஆளுக்கு இரண்டு சொக்கெட் தேவையில்லை என்றாகிவிட்டது. சேர்வர் அறைகளில் மட்டும் அது தொடர்ந்தது. அந்தச் சேர்வர் அறைகள் கழித்துவிட்ட சாமான்தான் இன்று நம் கைக்கு மலிவாக வருகிறது.

இப்போது எண்களுக்கு வருவோம். 2680 வி4 வெளிவந்தது 2016இல். அடிப்படை வேகம் 2.4 கிகாஹேர்ட்ஸ், ஒரு கோர் மட்டும் ஓடினால் 3.3 வரை போகும். 120 வாட், அதுவும் ஒவ்வொன்றுக்கும். 5900எக்ஸ் 2020 நவம்பரில் வந்தது. 3.7இல் தொடங்கி 4.8 வரை, 105 வாட். வேக எண்ணில் மட்டும் வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம், ஒரே கிகாஹேர்ட்ஸில் ஓடினாலும் புதிய கோர் அதிக வேலை செய்யும். கோருக்குக் கோர் வைத்துப் பார்த்தால் ரைசன் ஒன்றரை மடங்குக்கும் மேலே நிற்கும்.

அப்புறம் கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967இல் சொன்ன கணக்கு. ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கு, ஒன்றன் பின் ஒன்றாகத்தான் நடந்தாக வேண்டும் என்று வையுங்கள். 12 கோர் போட்டால் வேகம் 5.7 மடங்கு கூடும். 28 கோர் போட்டால் 7.6 மடங்கு. கோர் இரண்டு மடங்குக்கு மேல் கூடியும் கிடைத்த லாபம் மூன்றில் ஒரு பங்குதான். ரைசனின் ஒவ்வொரு கோரும் ஒன்றரை மடங்கு வேகம் என்று அதன் 5.7ஐப் பெருக்கினால் 8.5ஐத் தாண்டிவிடும். ஒரே ஒரு வேலையை எவ்வளவு விரைவாக முடிப்பது என்பதுதான் கேள்வி என்றால், 12 கோர் 28 கோரை வென்றுவிடும்.

எங்கள் வேலையிலும் அந்தப் பத்தில் ஒரு பங்கு நிச்சயம் இருக்கிறது. படங்களில் அடையாளப் புள்ளி தேடுவது எல்லாக் கோரிலும் பரவி ஓடும். புள்ளிகளைப் பொருத்துவதும் அப்படித்தான். அடுத்து, எந்தப் படம் எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று ஒவ்வொரு படமாகச் சேர்த்துக் கட்டும் கட்டம் வரும். அங்கே எச்டாப் என்ற கண்காணிப்புக் கருவியைத் திறந்து பார்த்தால் ஒரே ஒரு கோர் மட்டும் நூறு வீதத்தில் ஓடும், மற்றதெல்லாம் இடைக்கிடை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். படம் ஆயிரத்தைத் தாண்டினால் இந்தக் கட்டமே பெரும்பொழுதைத் தின்னும். பிறகு அடர்த்தியான புள்ளித் திரளைக் கட்டும்போது மறுபடி எல்லாக் கோரும் எழும்பும்.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் இரட்டைச் சொக்கெட்டை எடுத்தோம். காரணம் ரேம். அந்த ரைசன் மதர்போர்டில் நாலு ரேம் இடம், 32 ஜிபி வீதம் போட்டால் 128 ஜிபியோடு முடிந்துவிடும். நாலையும் நிரப்பினால் ஏஎம்டி உத்தரவாதம் தரும் வேகமும் 3200இலிருந்து 2667க்கு இறங்கும். அந்த 32 ஜிபி கார்ட்டுகள் புதிதாக வாங்க விலை கடித்தது. சேர்வரில் கழற்றிய ஈசிசி ரெஜிஸ்டர்ட் ரேமோ சாதாரண மதர்போர்டில் வேலை செய்யாது. அதனால் அதை வாங்க ஆள் குறைவு, விலையும் இறங்கிக் கிடக்கிறது. இந்த வேர்க்ஸ்டேஷனில் 16 இடம். இன்று 128, பிறகு காசு வரும்போது 256. ஒருநாள் 2500 படம் வந்தாலும் சமாளிக்கலாம்.

இன்னொரு எண்ணமும் மனதில் இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெட்டி வந்த பிறகு

வெள்ளவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் பெட்டி வந்தது. இப்படி அனுப்புவதாக இருந்தால் கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாகச் சுற்றச் சொல்லுங்கள். ஏ9 வீதி இப்போது நல்ல வீதிதான், ஆனால் பஸ்ஸின் கீழ்ப்பெட்டிக்குள் சாமானுக்கு மேல் சாமான் ஏறும்போது, தொங்கிக்கொண்டிருக்கும் கனமான கார்ட் ஸ்லொட்டைப் பிளந்துவிடும். புரொசெசர் மேலுள்ள கூலர்களும் கனம்தான். அவை திருகாணியோடு இறுக்கப்பட்டிருப்பதால் பயமில்லை.

கரண்ட் கொடுக்கும் முன் முழுக்கத் திறந்தேன். உள்ளே சாம்பல் நிறத் தூசி மெத்தை மாதிரி. கொழும்புத் தூசியோ அதற்கு முன் எந்த நாட்டுத் தூசியோ, நம்முடைய செம்மண் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. வெளியே கொண்டுபோய் புளோவரால் ஊதினேன். ஊதும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கூலர் இரண்டையும் கழற்றினால் தேர்மல் பேஸ்ட் காய்ந்து தூளாகக் கொட்டியது. ஐசோபுரொப்பில் அல்ககோலால் துடைத்துப் புதிதாகப் பூசினேன். இந்தச் சொக்கெட்டில் ஊசிகள் புரொசெசரில் இருக்காது, மதர்போர்டில்தான் இருக்கும். புரொசெசரைத் தூக்கிவிட்டு போன் டோர்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் வளைந்த ஊசி ஒளியில் வேறுபட்டுத் தெரியும். இங்கே எல்லாம் நேராக இருந்தன. சில நேரம் ஊசி ஒன்று வளைந்தாலும் கணினி எழும்பும், ஆனால் ஒரு ரேம் தடம் காணாமல் போகும். ரேம் பழுதென்று நினைத்து ஆட்கள் புது ரேம் வாங்குவது இதனால்தான்.

புரொசெசரின் மேல் பொறித்திருக்கும் எண்ணையும் அப்போதே வாசித்துக்கொண்டேன். ஈ5-க்குப் பின் வரும் முதல் இலக்கம் எத்தனை சொக்கெட்டில் போடலாம் என்பதைச் சொல்கிறது. 2680இல் 2. 1650, 1680 என்று வருபவை ஒற்றைச் சொக்கெட்டுக்கு மட்டும், இரண்டு வாங்கினாலும் சோடி சேராது. இரண்டும் ஒரே மாதிரியாகவும் ஒரே ஸ்டெப்பிங்காகவும் (சில்லின் திருத்தப் பதிப்பு) இருக்க வேண்டும்.

உபுண்டு போட்டுக் கிளப்பினேன். எல்எஸ்சிபியூ கட்டளை 56 திரெட், இரண்டு நூமா நோட் (ஒரு புரொசெசரும் அதன் பக்கத்து ரேமும் சேர்ந்தது ஒரு நோட்) என்று சரியாகக் காட்டியது. இத்தோடு பெரும்பாலானோர் திருப்திப்பட்டு விடுவார்கள். நான் நூமாசிடிஎல் கட்டளையில் ஹார்ட்வேர் விவரத்தையும் கேட்டேன். நோட் 0இல் ஏறத்தாழ 96 ஜிபி, நோட் 1இல் ஏறத்தாழ 32 ஜிபி என்று வந்தது. விற்றவர் எட்டு ரேம் கார்ட்டில் ஆறை ஒரு புரொசெசர் பக்கமும் இரண்டை மற்றப் பக்கமும் செருகியிருந்திருக்கிறார். மொத்தம் 128 என்று திரையில் வரும், வாங்குபவரும் சந்தோசமாகப் போய்விடுவார். நடப்பது என்னவென்றால், இரண்டாவது புரொசெசர் நாலு தடத்தில் இரண்டை மட்டும் பாவித்து, 32 ஜிபி முடிந்ததும் ஒவ்வொன்றுக்கும் கியூபிஐ தாண்டி அடுத்த பக்கத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

கழற்றி நாலு நாலாகப் பிரித்து, ஒரு தடத்துக்கு ஒன்று வீதம் போட்டேன். எந்த இடம் எந்தத் தடம் என்பது மூடியின் உட்புறத்தில் படமாக ஒட்டியிருக்கும், வரிசையாகச் செருகினால் தவறும். திரும்பக் கிளப்பினால் இரு பக்கமும் ஏறத்தாழ 64, 64. தூரக் கணக்கு 10, 21 என்று காட்டியது. தன் ரேமுக்கு 10, மற்றதன் ரேமுக்கு 21. அது நேராக அளந்த நேரம் இல்லை, பயோஸ் தரும் ஒப்பீட்டு எண். இயங்குதளம் அதை வைத்துத்தான் எதை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும்.

பயோஸில் நோட் இன்டர்லீவிங் என்றொரு தெரிவு உண்டு. அதை இயக்கினால் இரு பக்க ரேமும் ஒன்றாகக் கலக்கப்பட்டு நூமா மறைந்துபோகும். அப்படிச் செய்தால் எல்லாக் கோருக்கும் பாதி கிட்ட, பாதி தூர என்று சமமாக நட்டம் வரும். அதை அணைத்தே வைத்தேன்.

ஒன்றை ஓட்டியதும் இரண்டாகப் பிரித்ததும்

வவுனியாவில் தெரிந்த ஒரு தம்பியிடம் அதே 5900எக்ஸ் இருக்கிறது, அவன் அதில் கலியாண வீடியோ வெட்டுகிறான். ஒரு நடுத்தரக் குளத்தின் படத் தொகுப்பை அவனிடமும் ஓட்டினேன், இங்கேயும் ஓட்டினேன். அமைப்புகள் ஒன்றே. அவனுடையது முதலில் முடிந்தது. பெரிய இடைவெளி இல்லை, ஆனாலும் தெளிவான முந்தல். படம் சேர்த்துக் கட்டும் ஒற்றைக் கோர்க் கட்டத்தில்தான் அவன் பாய்ந்து போனான். புள்ளித் திரள் கட்டும்போது நாங்கள் கொஞ்சம் எட்டிப் பிடித்தோம், முழுக்கப் பிடிக்கவில்லை. கணக்கில் எதிர்பார்த்ததுதான். அண்ணையின் முகம்தான் கொஞ்சம் வாடியது.

இங்கே ஓடும்போது இன்னொன்றும் தெரிந்தது. இயங்குதளம் ஒரு வேலையின் திரெட்டுகளை இரு சொக்கெட்டிலும் பரப்பிவிடுகிறது. முதலில் ஒரு பக்க ரேமில் ஏற்றிய தரவை மற்றப் பக்கக் கோர்கள் வந்து கேட்கின்றன. லினக்ஸ் தானாகவே நினைவகத் துண்டுகளைக் கிட்டக் கொண்டுவரப் பார்க்கும், அந்தக் கொண்டுவருதலுக்கும் ஒரு செலவு இருக்கிறது. நூமாஸ்டாட் கட்டளையில் அயல் நோட்டுக்கான எண் ஏறிக்கொண்டே போனது.

இனி அந்த மற்ற எண்ணம். இந்தப் பெட்டியை ஒரு பெரிய கணினியாகப் பார்க்காமல், ஒரே உறைக்குள் இருக்கும் இரண்டு கணினிகளாகப் பாவிப்பது. ஓப்பன்ட்ரோன்மேப்பை டொக்கரில்தான் (மென்பொருளைத் தனிப் பெட்டகத்துக்குள் வைத்து ஓட்டும் கருவி) ஓட்டுகிறோம். வெப்ஓடிஎம் என்ற முகப்புக்குப் பின்னால் நோட்ஓடிஎம் என்ற வேலைக்காரன் இருக்கிறான், எத்தனை வேலைக்காரரையும் சேர்க்கலாம். இரண்டு நோட்ஓடிஎம் பெட்டகங்களைக் கிளப்பினேன். ஒன்று 3000ஆம் போர்ட்டில், மற்றது 3001இல். டொக்கரின் சிபியூசெட் அமைப்பில் முதலாவதை நோட் 0இன் கோர்களுக்கும் நோட் 0இன் ரேமுக்கும் கட்டிப்போட்டேன், இரண்டாவதை நோட் 1க்கு. கோரை மட்டும் கட்டிவிட்டு ரேமைக் கட்டாமல் விட்டால் பாதிப் பலன்தான், இரண்டையும் எழுத வேண்டும்.

கோர் எண்களைக் குத்துமதிப்பாகப் போடக்கூடாது. என் கணினியில் நோட் 0க்கு 0 முதல் 13 வரையும் 28 முதல் 41 வரையும். வேறு சில கணினிகளில் இரட்டை எண்ணெல்லாம் ஒரு சொக்கெட், ஒற்றை எண்ணெல்லாம் மற்றது. எல்எஸ்சிபியூ சொல்வதை அப்படியே எடுத்து எழுதுங்கள்.

ஒவ்வொரு நோட்ஓடிஎம்முக்கும் ஒரே நேரத்தில் 14 திரெட் என்று வரம்பும் வைத்தேன். ஓப்பன்ட்ரோன்மேப்பின் குறிப்பில், ஒரு திரெட்டுக்கு 2 மெகாபிக்சலுக்கு 1 ஜிபி என்ற அளவில் உச்ச நினைவகம் போகலாம் என்று இருக்கிறது. 20 மெகாபிக்சல் படத்தை முழுத் தெளிவில் விட்டுத் திரெட் எல்லாவற்றையும் திறந்தால் எந்த ரேமும் தாங்காது. தெளிவை ஒரு படி குறைத்தும் திரெட்டைக் கட்டுப்படுத்தியும்தான் 64 ஜிபிக்குள் நிற்கிறது. கோர் கூடினால் ரேமும் கூட வேண்டும் என்பதைக் கடைக்காரர் யாரும் சொல்வதில்லை.

இப்போது இரண்டு குளத்தை ஒரே நேரத்தில் கொடுத்தேன். ஒவ்வொன்றும் தனித்தனியாக ஓடுவதைவிடச் சற்றுத்தான் மெதுவாக ஓடியது. ஒன்றன் பின் ஒன்றாக எல்லாக் கோரையும் கொடுத்து ஓட்டியதோடு ஒப்பிட்டால், இரண்டும் முடிய எடுத்த மொத்த நேரம் நன்றாகவே குறைந்தது. காரணம் லேசானது. ஒரு குளம் ஒற்றைக் கோர்க் கட்டத்தில் இழுபடும்போது, மற்றக் குளம் தன் பக்கத்து 14 கோரையும் முழுதாக வேலை வாங்கிக்கொண்டிருக்கும். அயல் நோட்டு எண்ணும் ஏறக்குறைய அசையாமல் நின்றது. இரவுக்குள் இரண்டு வேலை முடிகிறது என்றதும் அண்ணையின் பேச்சு மாறியது.

“அப்ப ரெண்டு கொம்பியூட்டர் வாங்கின மாதிரித்தானே?”

“ஓம் அண்ணை, கரண்ட் பில்லும் ரெண்டுக்குத்தான் வரும்.”

உண்மையாகவே இரண்டு கணினி வாங்கியிருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டு பெட்டி என்றால் இரண்டு மதர்போர்ட், இரண்டு பவர் சப்ளை, இரண்டு யூபிஎஸ், படங்களை அங்குமிங்கும் கடத்த வேண்டிய நெற்வேர்க். அதைவிட முக்கியமானது, 2000 படம் கொண்ட ஒரே வேலை வந்தால் 64 ஜிபிப் பெட்டி இரண்டும் கைவிரித்துவிடும். இங்கே கட்டுகளை அவிழ்த்துவிட்டு 128 ஐயும் ஒரே வேலைக்குக் கொடுக்கலாம். மெதுவாக ஓடும், ஆனால் முடியும். பெரிய தொகுப்பைத் துண்டாக்கிப் பல நோட்டுக்குப் பகிர்ந்து பிறகு ஒட்டும் வசதி ஓப்பன்ட்ரோன்மேப்பிலேயே உண்டு. இரண்டு பெட்டகங்களோடு அதையும் பாவிக்கிறேன். ஒட்டும் விளிம்பில் உயரம் சரியாகப் பொருந்த, தரையில் வைக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் ஒழுங்காக இருக்க வேண்டும்.

புதிய பல்கோர் சில்லுகளும் உள்ளுக்குள் முழுக்க ஒன்று இல்லை. 5900எக்ஸ் ஆறு ஆறு கோராக இரண்டு துண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி 32 எம்பி எல்3 கேஷ், ஒரு துண்டிலுள்ள கோர் மற்றத் துண்டின் கேஷிலுள்ளதைக் கேட்டால் தாமதம் கூடும். ரேம் மட்டும் எல்லோருக்கும் ஒரே தூரம். 2017இல் வந்த முதல் திரெட்ரிப்பரில் அதுவும் இல்லை, ஒரே சொக்கெட்டுக்குள்ளேயே கிட்ட ரேம், தூர ரேம் என்ற பிரிவு இருந்தது. பெட்டிக்கு வெளியே இருந்த வேலி சில்லுக்குள் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் பல்கோரா பல்புரொசெசரா என்று பெயரை வைத்துத் தெரிவு செய்ய முடியாது. ரேம் எத்தனை துண்டாக இருக்கிறது, நம் வேலை எத்தனை துண்டாகப் பிரியும், இந்த இரண்டும் பொருந்துகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

கரண்ட், சூடு, தூசி

இது வன்னிக்கே உரிய பகுதி. வேலை ஏதுமில்லாமல் சும்மா நிற்கும்போதே இந்தப் பெட்டி நூறு வாட்டைத் தாண்டுகிறது. இரு புரொசெசரும் முழுக்க ஓடினால் அவற்றுக்கே 240 வாட். 5900எக்ஸ் முழுக்க ஓடினாலும் சொக்கெட்டுக்கு 142 வாட்டோடு நிறுத்திக்கொள்ளும். மாதம் முழுக்க ஓடும் இடமென்றால் மலிவாக வாங்கிய காசை மின்சார பில் மெல்ல மெல்லத் திருப்பி எடுத்துவிடும். எங்களுக்கு வேலை பருவத்தோடு வருவதால் மற்ற நாளில் அணைத்தே வைக்கிறோம்.

யூபிஎஸ்ஸில் ஒரு சிக்கல் வந்தது. இருந்த சாதாரண யூபிஎஸ் பற்றரிக்கு மாறிய கணத்தில் கணினி பொத்தென்று அணைந்தது. வாட் கணக்கில் யூபிஎஸ் போதும். குறை அலையின் வடிவத்தில் இருந்தது. வேர்க்ஸ்டேஷன் பவர் சப்ளைகளில் பவர் ஃபக்டர் திருத்தம் இருக்கும், மலிவு யூபிஎஸ் தரும் படிக்கட்டு அலையோடு சில நேரம் அது ஒத்துப்போகாது. சுத்தமான சைன் அலை தரும் யூபிஎஸ்ஸுக்கு மாற்றியதும் சரி. அப்படியும் பற்றரி நீண்ட நேரம் தாங்காது. கரண்ட் நின்று கொஞ்ச நேரத்தில் கணினி தானாக அணையும்படி வைத்திருக்கிறேன். ஓப்பன்ட்ரோன்மேப்பில் ஒரு வேலையை நின்ற கட்டத்திலிருந்தே திரும்பத் தொடங்கலாம், ஆகவே போவது அந்தக் கட்டம் மட்டும்தான்.

சோளகம் அடிக்கும் மாதங்களில் கிரவல் வீதித் தூசி யன்னலை மூடினாலும் உள்ளே வரும். சீற் கூரை அறையில் பகலில் ஓட்டினால் ஃபேன் சத்தத்தில் கதைக்க முடியாது, புரொசெசரும் சூட்டில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மாலையில் தொடங்கி இரவில் ஓட்டுவது இதனால்தான். முன்பக்கக் காற்றுத் துவாரத்தில் மெல்லிய நைலோன் வலை ஒன்றைக் கட்டியிருக்கிறேன். கிழமைக்கொருதடவை கழற்றித் தட்டினால் போதும், தட்டாமல் விட்டால் வலையே காற்றை அடைத்துவிடும்.

விண்டோஸில் ஓட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் ஹோம் ஒரு சொக்கெட்டை மட்டும்தான் பாவிக்கும். இரண்டாவது புரொசெசர் தெரியவேண்டுமென்றால் புரோ வேண்டும். விண்டோஸ் 10இன் ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது, விண்டோஸ் 11இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இந்தத் தலைமுறை ஸியோன் இல்லை. லினக்ஸில் இந்தத் தொல்லை ஏதுமில்லை.

இந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டுப் புதுக்குடியிருப்பில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு மச்சான், தனக்கும் இப்படி ஒன்று எடுத்துத் தரச் சொன்னார். கலியாணம், சாமத்திய வீடு வீடியோ வெட்டும் வேலை அவருக்கு. வேண்டாம் என்றேன். டைம்லைனை இழுத்துப் பார்க்கும்போது உதவுவது ஒற்றைக் கோரின் வேகம், வீடியோவை விரித்துக் காட்டுவது கிராஃபிக்ஸ் பகுதி. இந்த ஸியோனில் உள்ளமைந்த கிராஃபிக்ஸே கிடையாது, வீடியோவை விரைவாகக் கையாளும் இன்டெலின் குயிக் சிங்கும் இல்லை. 28 கோரில் பெரும்பகுதி அவருக்குச் சும்மா சூடு போட்டுக்கொண்டிருக்கும். அவர் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கொண்ட ஒற்றைச் சொக்கெட் இன்டெல் ஒன்றையும் 32 ஜிபி ரேமையும் எடுத்தார். மிச்சக் காசுக்கு லென்ஸ் வாங்கப் போகிறாராம்.